பயிற்சிக்குப் பேச ஆள் வேண்டும்: மண்டபம், பாம்பன் பக்கம்

நண்பர்களுக்கு வணக்கம். அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம சுகாதார செவிலியர்கள், ரேஷன் கடை விற்பனையாளர்கள் ஆகியோருக்காக, தங்களிடம் வரும் மக்களின் வாழ்க்கையைப் புரிந்து மரியாதையோடு நடத்துவது பற்றி ஒருநாள் பயிற்சி நடத்தப் போகிறோம். சட்டம் சொல்ல ஆள் இருக்கிறது. இந்தக் கரையின் வாழ்க்கையைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

கடல்பாசி எடுக்கும் பெண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். விரல்களில் துணி சுற்றி, காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு பாறை இடுக்கில் மூழ்குகிறவர்கள். தேய்ந்துபோன அந்த விரலை ரேஷன் கடையின் கைரேகைக் கருவி ஏற்க மறுக்கிறது. வரிசையில் நிற்பவர்கள் முன்னால் ஏச்சு வேறு விழுகிறது. புதன்கிழமை தடுப்பூசி நேரத்தில் அவர்கள் தீவுப் பக்கம் இருந்தால், பதிவேட்டில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று ஏறிவிடுகிறது. கடலுக்கு யார் ஒத்துழைப்பது?

கீழக்கரையில் நோன்பு மாதத்தில் நண்பகல் முகாம், தங்கச்சிமடத்தில் ஞாயிறு பூசை நேரத்தில் கூட்டம் என்று இன்னும் நிறைய உண்டு. மண்டபம் மறுவாழ்வு முகாமில் உள்ள இலங்கைத் தமிழரிடம் பேசும் தொனியைப் பற்றித் தனியாகவே ஒரு அமர்வு வைக்கலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள் என்பதால் மே மாதத்தில் வைக்க நினைக்கிறோம். பாசிப் பெண்கள் இருவர், முகாமிலிருந்து ஒருவர், சைகை மொழி தெரிந்த ஒருவர் வேண்டும். அன்றைய கூலியும் பயணச் செலவும் தருவோம். மேடைப் பேச்சாளர்களைத் தயவுசெய்து பரிந்துரைக்காதீர்கள். சக்கர நாற்காலி ஏறக்கூடிய கூட்ட அரங்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்தாலும் சொல்லுங்கள்.