இடது கைக்கு ஒரு மவுஸ்

குழு: வடக்கு வீதி வீட்டார்

வியாழன், இரவு

கயல்: பிரபு அண்ணா, வீட்டு மவுஸ் ஒருமுறை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியதாக எடுத்துக்கொள்கிறது. வாலரண்ட் துப்பாக்கி விளையாட்டில் ஒரு குண்டு சுட நினைத்தால் இரண்டு போகிறது. புதிதாக ஒன்று வாங்க அப்பா சம்மதித்துவிட்டார். கேபிள் உள்ளதுதான் வேண்டும், அடிக்கடி சார்ஜ் போடும் தொல்லை வேண்டாம். எதை வாங்கலாம்?

சுந்தரம்: சம்மதிக்கவில்லை. யோசிக்கிறேன் என்றேன்.

மாலதி: இரண்டாயிரம் வரை நான் தருகிறேன். இவர் யோசித்து முடிப்பதற்குள் விடுமுறை முடிந்துவிடும்.

நடராஜன் பெரியப்பா: மவுஸ் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே. ஓய்வுபெறும் வரை அலுவலகத்தில் அப்படி ஒன்றைத்தான் வைத்திருந்தேன். எத்தனை மதிப்பீட்டுப் பட்டியல் போட்டிருப்பேன்!

பிரபு: அப்பா, மதிப்பீட்டுப் பட்டியல் ஓடாது. எதிரி ஓடுவான்.

பிரபு: கயல், பட்டனுக்கு அடியில் சிறிய உலோகத் தகடு ஒன்று இருக்கிறது. அழுத்தும்போது அது தொட்டு, லேசாகத் துள்ளி, மறுபடி தொடும். அந்தத் துள்ளலை ஒரே அழுத்தமாகக் கணக்கில் கொள்ள உள்ளே சில மில்லிசெகண்ட் காத்திருப்பு வைத்திருப்பார்கள். தகடு தேய்ந்தால் துள்ளல் அந்த நேரத்தையும் தாண்டிவிடும். அதனால்தான் இரண்டாகப் பதிகிறது. ஸ்விட்சை மட்டும் மாற்றிச் சாலிடர் வைக்கலாம். ஆனால் அந்த மவுஸுக்கு அந்தச் செலவு தகாது.

சுந்தரம்: சரி, வாங்குவது என்றால் நல்லதாக வாங்குவோம். இணையத்தில் ஒன்று பார்த்தேன், 25,600 டிபிஐ. இன்னொன்று 8,000தான். எண் கூடினால் துல்லியம் கூடும் அல்லவா?

பிரபு: சித்தப்பா, கடைக்காரர் விரும்பும் கேள்வி இதுதான். டிபிஐ என்பது மவுஸ் ஓர் அங்குலம் நகரும்போது கணினிக்கு எத்தனை எண்ணிக்கை அனுப்புகிறது என்பது. நம் திரையின் அகலம் 1920 புள்ளிகள். 800 டிபிஐயில் திரையைக் கடக்க மவுஸை 2.4 அங்குலம், அதாவது சுமார் ஆறு சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். 25,600 வைத்தால் இரண்டு மில்லிமீட்டர்கூட வேண்டாம். தும்மினால் அம்புக்குறி திரையின் அந்தக் கோடிக்குப் போய்விடும். போட்டிகளில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் 400, 800, 1600 ஆகியவற்றுக்குள்தான் இருக்கிறார்கள்.

சுந்தரம்: பிறகு ஏன் அவ்வளவு பெரிய எண்ணை அச்சடிக்கிறார்கள்?

பிரபு: நீங்கள் கேட்டீர்களே, அதற்காகத்தான்.

நடராஜன் பெரியப்பா: (காலை வணக்கம் படம் ஒன்றை அனுப்பியிருக்கிறார்)

வசந்தா அத்தை: பெரிய அண்ணா, மணி இரவு ஒன்பதரை.

நடராஜன் பெரியப்பா: நாளைக்கு.

கயல்: அப்படியானால் துல்லியத்துக்கு எதைப் பார்க்க வேண்டும் அண்ணா?

பிரபு: சென்சாரை. மவுஸின் வயிற்றில் ஒரு விளக்கும் குட்டிக் கேமராவும் இருக்கின்றன. அந்தக் கேமரா கீழே உள்ள பரப்பை விநாடிக்கு ஆயிரக்கணக்கான படங்களாக எடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடும். நல்ல சென்சார் என்றால், நீ கையை வெடுக்கென்று வீசினாலும் அந்தக் கணக்கு பிசகாது. மட்டமானது வேகத்தில் திணறிப் பார்வையை வானத்துக்கோ தரைக்கோ திருப்பிவிடும். நானூறு ரூபாய்க்கு வானவில் விளக்கோடு ‘கேமிங்’ என்று எழுதி விற்கும் பலவற்றில் சென்சார் உண்மையில் உணர்வது குறைவு. மேற்கொண்டு உள்ள எண் கணக்கில் பெருக்கிக் காட்டுவது.

பிரபு: இன்னொன்று, போலிங் ரேட். சாதாரண மவுஸ் கணினிக்கு விநாடிக்கு 125 முறை தகவல் சொல்லும், அதாவது 8 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. 1000 ஹெர்ட்ஸ் என்றால் 1 மில்லிசெகண்ட். அது போதும். இப்போது 8000 ஹெர்ட்ஸ் வரை வருகிறது. நம் வீட்டுத் திரை 60 ஹெர்ட்ஸ். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிறது. அங்கே 8000 வாங்குவது பிராசசருக்கு வேலை வைப்பதைத் தவிர ஒன்றுக்கும் உதவாது.

வெள்ளி

நடராஜன் பெரியப்பா: எதிர்வீட்டுப் பையனிடம் கேட்டேன். ரேசர் டெத்ஆடர் எசென்ஷியல் வாங்கச் சொல்கிறான். கையை வைத்தால் எடுக்க மனம் வராதாம். பட்ஜெட்டுக்குள் வரும் என்கிறான்.

பிரபு: நல்ல மவுஸ்தான் அப்பா. ஆனால் கயலுக்கு ஆகாது. அவள் இடது கைக்காரி.

நடராஜன் பெரியப்பா: இடது கையால் எழுதுவாள். மவுஸையுமா?

கயல்: ஆமாம் பெரியப்பா. வலது கையால் பிடித்தால் எதிரிகளுக்குத்தான் கொண்டாட்டம்.

பிரபு: டெத்ஆடர் வலது உள்ளங்கைக்கென்றே செதுக்கியது. ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் சரிந்திருக்கும். இடது கையில் வைத்தால் கட்டை விரலுக்கு இடமே இருக்காது. பெட்டிகளில் ‘எர்கோனாமிக்’ என்று பெருமையாகப் போட்டிருப்பதெல்லாம் பெரும்பாலும் வலது கைக்குத்தான். இடது கைக்கென்றே ரேசர் சில மாடல்களைக் கொண்டுவந்தது உண்டு. 2020இல்கூட நாகா மாடலில் ஒன்று வந்தது. ஆனால் அதன் கட்டை விரல் பக்கம் முழுக்கப் பட்டன்கள். வாலரண்டுக்கு அத்தனை எதற்கு? விலையும் எட்டாது.

மாலதி: அவள் கத்தரிக்கோலுக்கு அலைந்ததே போதும் என்று நினைத்தேன். இதிலுமா!

பிரபு: வழி இருக்கிறது சித்தி. இரண்டு பக்கமும் ஒரே வடிவம் கொண்ட மவுஸ் வாங்கலாம். அதிலும் ஒரு சூட்சுமம். வடிவம் சமமாக இருந்தாலும் பக்கவாட்டுப் பட்டன் இரண்டும் இடது புறத்தில் மட்டுமே இருக்கும் மாடல்கள்தான் அதிகம். கயல் பிடித்தால் அவை மோதிர விரலும் சுண்டு விரலும் படும் இடத்தில் வரும். ஸ்டீல்சீரிஸ் சென்செய் டென், 2019இல் வந்த ரேசர் வைப்பர் போன்றவற்றில் இரு புறமும் பட்டன் உண்டு. கடையில் கிடைத்தாலும் இரண்டாயிரத்துக்குள் அடங்காது.

பிரபு: கயல், உன் கை அளவை அனுப்பு. நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை நீளம். கட்டை விரலை விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களின் அடி மூட்டுகளுக்குக் குறுக்கே அகலம்.

கயல்: நீளம் 17 செ.மீ. அகலம் 7.8.

சுந்தரம்: செருப்பு வாங்கக்கூட நாங்கள் இப்படி அளந்ததில்லை.

வசந்தா அத்தை: அளக்க வேண்டும் அண்ணா. என்னிடம் மணிக்கட்டு வலியோடு வருகிறவர்களில் பாதிப் பேர் கணினி வேலை செய்கிறவர்கள். கைக்குப் பெரிய மவுஸ் என்றால் விரல்களை விரித்து நீட்டியே வைத்திருக்க வேண்டும். மிகச் சிறியது என்றால் நாள் முழுக்க இடுக்கிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் முன்னங்கைத் தசைக்குக் கேடு. கயல், நீ எப்படிப் பிடிக்கிறாய்? உள்ளங்கை முழுவதும் மவுஸின்மேல் படுகிறதா?

கயல்: இல்லை அத்தை. அடிப்பகுதி மட்டும் தொடும். விரல்கள் மடிந்து நிற்கும்.

பிரபு: அது ‘கிளா’ பிடி. முழுக் கையும் படிந்தால் ‘பாம்’ பிடி, விரல் நுனி மட்டும் என்றால் ‘ஃபிங்கர்டிப்’. 17 செ.மீ. கைக்கு, மடித்துப் பிடிக்கிறவளுக்கு, 12 செ.மீ.க்குள் நீளமுள்ள மவுஸ் போதும். லாஜிடெக் ஜி502 மாதிரி 121 கிராம் வேண்டாம். அதை ஒரு மணி நேரம் தூக்கித் தூக்கி வைத்தால் தெரியும். ஓட்டை ஓட்டையாகத் தேன்கூடு மாதிரி முதுகு உள்ளவை இலகுவானவைதான். ஆனால் தஞ்சாவூர் மே மாதத்தில் வியர்வையும் தூசியும் எங்கே போகும் என்று நினைத்துப் பார்.

மாலதி: வேண்டாம். துடைக்கப்போவது நான்தான்.

பிரபு: எஞ்சி நிற்பது இரண்டு. லாஜிடெக் ஜி102: 85 கிராம், 11.7 செ.மீ. நீளம், 8,000 டிபிஐ வரை. ரேசர் வைப்பர் மினி: 61 கிராம், 11.8 செ.மீ. இரண்டும் சம வடிவம், இரண்டிலும் பக்கப் பட்டன் இடது புறத்தில் மட்டும். நாளை சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறேன், இருப்பதைப் பார்க்கிறேன். ஞாயிறு காதணி விழாவுக்கு வரும்போது கொண்டுவருவேன்.

வசந்தா அத்தை: மவுஸ் எதுவாக இருந்தாலும் மேசை உயரத்தைச் சரிசெய்யுங்கள். முழங்கை ஏறத்தாழ செங்கோணத்தில் மடிய வேண்டும். மணிக்கட்டு புறங்கைப் பக்கம் வளையக் கூடாது. மேசை விளிம்பில் மணிக்கட்டை அழுத்தி ஊன்றவும் கூடாது. விரல்களுக்குப் போகும் முக்கியமான நரம்பு ஒன்று மணிக்கட்டின் குறுகிய பாதை வழியாகத்தான் போகிறது. கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு என்னை அழைக்க வேண்டும், யூடியூபை அல்ல.

கயல்: சரி அத்தை.

வசந்தா அத்தை: ‘சரி’ என்று சொன்னவர்கள் எல்லாரும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

சனி

பிரபு: ஜி102 வாங்கிவிட்டேன். 1,500க்கு முன்பின் ஆயிற்று. வைப்பர் மினி நான் கேட்ட கடைகளில் இல்லை. ஜி102இன் பக்கப் பட்டன்கள் கொஞ்சம் மேலே இருக்கின்றன. இடது கையில் பிடித்துப் பார்த்தேன். மோதிர விரல் அவற்றுக்குக் கீழேதான் நிற்கிறது, தவறி அழுத்தவில்லை. என் கை பெரியது, கயல் பிடித்துப் பார்த்துச் சொல்லட்டும்.

பிரபு: துணி மவுஸ்பேட் ஒன்றும் எடுத்திருக்கிறேன், 45க்கு 40 செ.மீ. சித்தப்பா, உங்கள் மேசையில் கண்ணாடி போட்டு அடியில் குடும்பப் படங்கள் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தக் கண்ணாடிமேல் இந்த மாதிரிச் சாதாரண மவுஸ் ஒழுங்காக ஓடாது. பிடித்துக்கொள்ள ஒரு சொரசொரப்பும் இல்லாமல் சென்சார் தடுமாறும்.

சுந்தரம்: படங்களை எடுக்க மாட்டேன்.

பிரபு: எடுக்க வேண்டாம். பேடை மேலே விரித்துவிடலாம்.

நடராஜன் பெரியப்பா: என் படம் எந்தப் பக்கம் இருக்கிறது?

மாலதி: பேடுக்கு அடியில் வராது. கவலைப்படாதீர்கள்.

ஞாயிறு, மாலை

கயல்: மாட்டியாயிற்று! கைக்குள் அடக்கமாக இருக்கிறது. மோதிர விரல் பட்டனில் படவில்லை. ஆனால் கேபிள் சற்று விறைப்பு. வேகமாக நகர்த்தினால் ஆட்டுக்குட்டியைக் கயிற்றில் கட்டி இழுப்பதுபோல் பின்னால் இழுக்கிறது.

பிரபு: கேபிளைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, மானிட்டர் காலில் ஒரு பைண்டர் கிளிப் வைத்துப் பிடித்துவிடு. கேபிள் மேசையில் உரசாமல் மேலிருந்து வர வேண்டும். இதற்கென்றே தனியாக ஒரு தாங்கி விற்கிறார்கள், கிளிப் அதே வேலையைச் செய்யும்.

பிரபு: விண்டோஸ் மவுஸ் அமைப்பில் ‘என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்’ என்று ஒரு குறி இருக்கும். அதை எடுத்துவிடு. பெயர் அப்படி இருந்தாலும் அது செய்வது வேறு. கை நகரும் வேகத்தைப் பொறுத்து அம்புக்குறி போகும் தூரத்தை மாற்றும். ஒரே தூரத்துக்கு ஒரு நாள் ஒன்று, மறுநாள் இன்னொன்று என்றால் கை எதைப் பழகும்? பல விளையாட்டுகள் அதைப் பொருட்படுத்தாமல் மவுஸ் சொல்வதை நேரடியாக எடுத்துக்கொள்ளும். இருந்தாலும் எடுத்துவிடு.

கயல்: எடுத்துவிட்டேன். டிபிஐ 800. விளையாட்டுக்குள் சென்சிட்டிவிட்டி 0.35 வைக்கட்டுமா?

பிரபு: வைத்துப் பார். அந்தக் கணக்கில் முழுசாக ஒரு சுற்றுத் திரும்ப ஏறத்தாழ 47 செ.மீ. நகர்த்த வேண்டும். பின்னால் திரும்ப அதில் பாதி, பேடுக்குள் அடங்கிவிடும். மணிக்கட்டை ஆட்டாமல் முழங்கையிலிருந்து நகர்த்து. அத்தையும் மகிழ்வார். மெதுவாகத் தோன்றினால் உடனே மாற்றாதே, ஒரு வாரம் ஆடு.

வசந்தா அத்தை: அத்தை பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேசை விளிம்பு தெரியும்படி ஒரு படம் அனுப்பு.

திங்கள், காலை

சுந்தரம்: பிரபு, மவுஸ் கெட்டுவிட்டது. எதை அழுத்தினாலும் பட்டியல் விரிகிறது. மின்கட்டணம் கட்ட முடியவில்லை.

கயல்: கெடவில்லை அப்பா. ஆள்காட்டி விரலால் சுட வேண்டும் என்று விண்டோஸில் இடது பட்டனையும் வலது பட்டனையும் மாற்றி வைத்தேன்.

பிரபு: கயல், அந்த மாற்றம் அந்தக் கணக்கில் நுழையும் எல்லாருக்கும் பொருந்தும். அதைப் பழையபடி வை. உனக்குத் தனியாக ஒரு பயனர் கணக்குத் திறந்து, அதில் மட்டும் பட்டனை மாற்று. சித்தப்பா, நீங்கள் உங்கள் கணக்கில் நுழைந்து மவுஸை வலது பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சம வடிவம்தான், உங்கள் கைக்கும் பொருந்தும். கட்டை விரலுக்கு வரும் பின்பக்கப் பட்டனை அழுத்தினால் உலாவியில் முந்தைய பக்கம் வரும்.

சுந்தரம்: வருகிறது. இது எனக்குத்தான் வசதியாக இருக்கிறது. கட்டிவிட்டேன்.

மாலதி: எவ்வளவு வந்திருக்கிறது?

சுந்தரம்: அதை நேரில் சொல்கிறேன்.