பழைய சாமான்காரருக்குப் போடாதவை

தலைஞாயிறு விவசாயி:

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் பழைய சாமான்காரருக்கு எதையும் போடுவதில்லை. உரச்சாக்கு, கிழிந்த சைக்கிள் டியூப், பெயின்ட் வாளி, கட்சி பிளெக்ஸ் எல்லாம் தை வரைக்கும் மாட்டுக்கொட்டகையில் கிடக்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு வந்த பழக்கம் இது. காற்று ஓய்ந்து வெளியே வந்தால் தென்னை படுத்துவிட்டது, ஓடு பறந்துவிட்டது. டெல்டா முழுக்க லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்துபோயின. தார்ப்பாய்க்கு ஊரே அலைந்தது. எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு முதல் கூரை பிளெக்ஸ்தான். மேலே வேட்பாளர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருக்க, கீழே நாங்கள் கஞ்சி காய்ச்சினோம். அவரால் கிடைத்த நன்மை அது ஒன்றுதான் என்று அப்பா சொல்வார்.

பிளெக்ஸைக் கட்டுவதற்கு ஒரு முறை உண்டு. ஓட்டை போட்டுக் கயிறு கோத்தால் அடுத்த காற்றில் அந்த ஓட்டையிலிருந்தே கிழியும். மூலையிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, அடியில் எலுமிச்சம்பழ அளவுக் கூழாங்கல்லை வைத்து, கல்லோடு சேர்த்து பிளெக்ஸைச் சுருட்டிப் பிடித்து, அந்தக் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட வேண்டும். கயிற்றின் மறுமுனையை நேராகக் கம்பில் கட்டாமல், நடுவே விரல் அகலத்துக்கு நறுக்கிய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைக் கோத்துவிடுங்கள். காற்று தூக்கும்போது டியூப் நீண்டு கொடுக்கும். முடிச்சுக்கு அடி விழாது.

பூச்சிமருந்து டப்பாவை மட்டும் சேர்த்து வைப்பதில்லை. பார்க்கக் கெட்டியாக, மூடியோடு, தண்ணீர் பிடிக்க வசதியாகத்தான் இருக்கும். மூன்று முறை அலசினாலும் அது குடிதண்ணீருக்கு ஆகாது. காலியான உடனே அலசி, அடியில் ஆணியடித்து ஓட்டை போட்டுவிடுவேன். புயல் நேரத்தில் இருட்டில் யார் கைக்கு எது அகப்படும் என்று சொல்ல முடியாது.

சைதாப்பேட்டை இல்லத்தரசி:

அண்ணா, உங்களுக்குக் காற்று, எங்களுக்குத் தண்ணீர். 2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்த தண்ணீர் வேறு. மெழுகுவர்த்தி, பிஸ்கட், டார்ச் பற்றியெல்லாம் எல்லோரும் பேசுகிறார்கள். கழிப்பறையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அடையாற்றுத் தண்ணீர் வாசலைத் தொடுவதற்கு முன்பே, பாதாளச் சாக்கடை எதிர்த்துக்கொண்டு கழிப்பறை வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது. மேல்மாடி வீட்டில் பல குடும்பங்கள் ஒதுங்கினோம். அங்கே பெண்கள் தண்ணீர் குடிக்கவே பயந்தார்கள். காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது எங்கள் பரணில் 20 லிட்டர் பெயின்ட் வாளிகள் இரண்டு, மூடியோடு இருக்கின்றன. ஒன்று சிறுநீருக்கு, மற்றது மலத்துக்கு. இரண்டும் கலந்தால்தான் நாற்றம் தாங்க முடியாமல் போகும். இரண்டாவது வாளியில் கெட்டியான கவர்கள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் மேலே மரத்தூளோ கிழித்த செய்தித்தாளோ தூவி மூடிவிட வேண்டும். மரத்தூள் தச்சுப்பட்டறையில் சும்மாவே கொடுக்கிறார்கள். பக்கத்திலேயே கை கழுவ ஒரு பாட்டில்; அதன் மூடியில் ஊசியால் குத்திய துளைகள். கவிழ்த்து அமுக்கினால் கொஞ்சம் தண்ணீரே போதுமானதாகிவிடுகிறது.

சாக்கடை எதிர்ப்பதைத் தடுக்க, பழைய அரிசிப் பையில் மணலைக் கட்டி, கவரில் சுற்றி, கழிப்பறைக் கோப்பையிலும் குளியலறை வடிகாலிலும் அழுத்தி வைக்கலாம். முழுதாக நிற்காது, வேகம் குறையும். பத்திரங்களுக்குப் புடவைக்கடை ஜிப் கவர்.

பழைய பருத்திப் புடவையை நாப்கின் அளவுக்கு நறுக்கி ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். அடைமழையில் துணியைத் துவைத்து வெயிலில் காயவைக்க வழியில்லை. ஈரம் போகாத துணியை மறுபடி வைத்துக்கொள்வது ஆபத்து. அதனால் ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் கணக்கில்தான் நறுக்கியிருக்கிறேன்.

ஏரல் மளிகைக்கடைக்காரர்:

அக்கா சொன்ன பழைய புடவைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பங்களாதேஷில் மத்லப் என்ற பகுதியில், குளத்துத் தண்ணீரைப் பழைய பருத்திப் புடவையைக் குறைந்தது நான்கு முறை மடித்து வடிகட்டச் சொன்னார்கள். காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2003இல் அந்த ஆய்வு வெளியானது. காலராக் கிருமி தண்ணீரிலுள்ள நுண்ணிய மிதவை உயிர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். துணி அந்த உயிர்களைப் பிடித்துக்கொள்கிறது. புதுப் புடவையைவிடப் பழையதுதான் மேல். துவைத்துத் துவைத்து நூல் பிசிர் விட்டிருப்பதால் இடைவெளி சிறுத்துவிடுகிறது. தூக்கிப்போடலாம் என்று நினைக்கும் பக்குவம் வந்த புடவைதான் இதற்குச் சரி.

ஆனால் வடிகட்டியதோடு குடித்துவிடக் கூடாது. காய்ச்ச வேண்டும், அல்லது குளோரின் மாத்திரை போட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வெயில் இருக்கிறது. நிறமில்லாத குளிர்பான பாட்டிலை, 2 லிட்டருக்கு மேற்படாததை, லேபிளைக் கிழித்துவிட்டு, நிரப்பித் தகரத்தின்மேல் படுக்கவைத்து, நல்ல வெயிலில் 6 மணி நேரம். மேகமூட்டமென்றால் 2 நாள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் பலிக்காது. பாட்டிலைச் செய்தித்தாள் தலைப்பின்மேல் நிறுத்தி, வாய் வழியாக உள்ளே பாருங்கள். எழுத்து படிக்க முடிந்தால் சரி. விடாமல் மழை பெய்யும்போது இதை நம்ப வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது எந்த வெயிலைத் தேடுவது? அதற்குத்தான் பாட்டில்களில் முன்கூட்டியே தண்ணீரைப் பிடித்து வைப்பது. குளிர்சாதனப் பெட்டியில் சிலவற்றைக் கழுத்து வரை மட்டும் நிரப்பி உறையவையுங்கள். மின்சாரம் போன பிறகு உள்ளே குளிர்ச்சி சில மணி நேரம் கூடுதலாக நிற்கும், பிறகு குடிக்கவும் ஆகும். பால், பழச்சாறு வந்த பாட்டில் வேண்டாம். வாடை போகாது, கிருமி பிடிக்கும்.

அடுப்புக்கு 15 கிலோ எண்ணெய் டின். பக்கத்தில் விறகு வாய், மேலே பாத்திரம் நிற்க இரண்டு கம்பி. எரிக்க ஒரு சாக்கு சிரட்டை பரண்மேல் இருக்கிறது. தாமிரபரணி எங்கள் கடையை மூழ்கடித்தபோது விறகெல்லாம் ஊறிவிட்டது. சிரட்டையைத் துடைத்துவிட்டுப் பற்றவைத்தோம்.

யாழ்ப்பாணத்தவர்:

உங்களுக்குப் புயல் சில வாரம். எங்களுக்குப் போரில் 1990இலிருந்து பல வருடம் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் பொருளாதாரத் தடை. அப்போது வந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சு, அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், மெல்லிய திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே எரிவதால் காற்று அணைக்காது, எண்ணெயும் சொட்டளவில்தான் போகும். ஒரு தலைமுறை அந்த வெளிச்சத்தில் சோதனைக்குப் படித்தது. தீர்ந்த பற்றரியில் ஓட்டை போட்டு உப்புத்தண்ணீர் விட்டு, பலவற்றை வரிசையாகச் சேர்த்துக் கட்டிச் செய்தி கேட்டோம். 2009இல் வன்னியில் பதுங்கு குழிக்கு மண்மூட்டை கட்டச் சாக்கு இல்லாமல் சேலைகளையே பையாகத் தைத்தார்கள். அவை பழைய சேலைகள் மட்டும் அல்ல.

விளக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உயரமான போத்தலில் திரி போட்டு எரிக்கும் குப்பி விளக்கு சரிந்து தீப்பிடித்து இலங்கையில் எத்தனையோ பேர் வெந்திருக்கிறார்கள். அந்தக் காயங்களைப் பார்த்த அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையான, கனமான, உருளாதபடி பக்கங்கள் தட்டையான, திருகுமூடியுள்ள கண்ணாடி விளக்கை உருவாக்கி 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். போத்தலில் விளக்கு செய்பவர்கள் அந்த அமைப்பையாவது மனதில் வையுங்கள்: குட்டை, கனம், இறுக்கமான மூடி. மண்ணெண்ணெயோடு பெற்றோல் கலந்ததைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள்.

சைதாப்பேட்டை இல்லத்தரசி:

விளக்கே வேண்டாம் என்றால் டார்ச்சை நிமிர்த்தி வைத்து, அதன் கண்ணாடிமேல் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை வையுங்கள். அறை முழுதும் வெளிச்சம் பரவும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதுதான் நல்லது.

தலைஞாயிறு அண்ணா, பிளெக்ஸை எப்படி வைத்திருக்கிறீர்கள்? நான் மடித்து வைத்ததை எலி கடித்து, பிரித்தால் வரிசையாக ஓட்டை.

தலைஞாயிறு விவசாயி:

மடிக்காதே தங்கச்சி, சுருட்டு. மடித்த இடத்தில் ஒரு கடி விழுந்தால் பிரிக்கும்போது பத்து ஓட்டை. சுருட்டி, கட்டுக்கம்பியால் உத்தரத்திலிருந்து தொங்கவிடு. சுவரைத் தொடக் கூடாது. டியூப் துண்டுகளை மூடியுள்ள தகர டப்பாவில் போடு. பிளாஸ்டிக் டப்பாவை எலி ஓர் இரவில் குடைந்துவிடும்.