பின்லாந்து எம்39: கருத்த கட்டை, ரிசீவருக்கு அடியில் தகடுகள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

வடகாற்று:
வணக்கம். உரிமத்தோடு சேகரிப்பில் இருக்கும் ஒரு எம்39 (பின்லாந்துப் படையின் மோசின்-நாகான் ரைஃபிள்), சாக்கோ தொழிற்சாலை, 1942. கட்டை முழுக்கக் கறுப்பு, கையில் பிசுபிசுவென ஒட்டுகிறது. முன்கட்டையில் குறுக்கே பல்பல்லாக ஓர் ஒட்டு, அதில் முடியளவு இடைவெளி. கழற்றியபோது ரிசீவருக்கு (போல்ட் ஓடும் இரும்புக் கூட்டுக்கு) கீழிருந்து மூன்று மெல்லிய தகடுகள் விழுந்துவிட்டன. எது எங்கே இருந்ததென்று தெரியவில்லை. ரிசீவர் வாலின் அடியில் 1897 என்று இருக்கிறது. போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) எண் குழல் எண்ணோடு சேரவில்லை. குழலுக்குள் இருட்டு, வாய்ப்பக்கம் கொஞ்ச தூரத்துக்கு தோட்டாவைச் சுழலவைக்கும் ரைஃப்ளிங் காடிகளே காணோம். தோல் வாரின் பித்தளையைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. கட்டையை உப்புத்தாள் போட்டு இழைத்து வார்னிஷ் அடிக்கலாமா? வெவ்வேறு துப்பாக்கிகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய துப்பாக்கியா இது?

பழைய_இரும்பு:
முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள். ஒரு முறை இழைத்தால் மரத்தில் அடித்த முத்திரைகளும், பித்தளை இரும்புப் பாகங்களோடு மரம் சமமாக நிற்கும் விளிம்பும் போய்விடும். அவற்றைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

கேட்டவற்றில் பாதி குறையே அல்ல. பின்லாந்து மோசின்-நாகான் ரிசீவரைத் தானாகத் தயாரித்ததே கிடையாது. ஜாரின் காலத்து ரிசீவர்களை எடுத்துப் புதுக் குழலும் புதுக் கட்டையும் போட்டார்கள். அதனால் 1897 வாலும் 1942 குழலும் ஒன்றாக இருப்பதே இயல்பு. அடையாள எண் குழலில் இருப்பதுதான். போல்ட் எண் சேராததால் துப்பாக்கி போலியாகிவிடாது, ஆனால் அதற்கு ஒரு சோதனை உண்டு, கீழே சொல்கிறேன். இரும்பில் கட்டம் போட்டு அதற்குள் எஸ்ஏ என்றிருந்தால் அது பின்லாந்துப் படையின் உடைமை முத்திரை, 1942 முதல் அடிக்கப்பட்டது.

முன்கட்டையில் உள்ள ஒட்டு தொழிற்சாலையிலேயே போட்டது. விரல் கோத்ததுபோல் இரண்டு மரத்துண்டுகளைச் சேர்ப்பார்கள். உடைந்து ஒட்டியது என்று நினைத்து அதை மறைக்கப் பலர் நிறம் பூசுகிறார்கள், அது தவறு. முடியளவு இடைவெளி மரம் உலர்ந்து சுருங்கியதால் வருவது. கையில் அசைத்தால் ஆடாதவரை விட்டுவிடுங்கள். ஆடினால் மட்டும் சூடாக்கிய வச்சிரப்பசையை உள்ளே விட்டு, துணி சுற்றிய கிளாம்ப் போட்டு ஒரு நாள் வையுங்கள். எபாக்சியோ சூப்பர் குளூவோ வேண்டாம். வச்சிரத்தை வெந்நீரால் நாளை கழற்றலாம், அவற்றை முடியாது.

கறுப்பு என்பது பெரும்பாலும் அந்த நாட்டுப் பைன் தாரும் ஆளிவிதை எண்ணெயும் பல பத்தாண்டுக் கை அழுக்கும் சேர்ந்தது. தாரே அதன் அசல் பூச்சு. நீக்க வேண்டியது பிசுக்கை மட்டும். மினரல் டர்பன்டைனில் பருத்தித் துணியை லேசாக நனைத்து, முதலில் குழல் படியும் பள்ளத்துக்குள் சோதித்துப் பாருங்கள். துணியில் பழுப்பு அழுக்கு வந்தால் சரி. கறுப்பு நிறமே கரைந்து வந்தால் நிறுத்துங்கள், அது தார். மரம் வெளிறிய இடம் தெரியும்வரை தேய்க்கவே கூடாது. அடுப்புச் சுத்திகரிப்பு நுரை, பிளீச், வெந்நீர்க் குளியல் எல்லாம் மரநாரைக் கிளப்பி ஒட்டையும் தளர்த்தும்.

கரிமருந்து:
அவர் சொன்னதோடு உடன்படுகிறேன். மரம் வறண்டிருந்தால் மட்டும் மேல்பூச்சு: பைன் தார், ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன் மூன்றும் சமபங்கு. மிக மெல்லியதாகக் கையால் தேய்த்து, 15 முதல் 20 நிமிடம் விட்டு, உறிஞ்சாத அத்தனையையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் பளபளக்கட்டும்’ என்று விட்டுவைத்த எண்ணெய்தான் பிசுபிசுப்பின் மூலகாரணம். ஆளிவிதை எண்ணெய் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகும். தடித்த படலத்தின் அடியில் அது மாதக்கணக்கில் இறுகாது. இரண்டாம் பூச்சுக்குக் குறைந்தது சில நாள் இடைவெளி கொடுங்கள்.

துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். இறுகும்போது வெப்பம் வரும், தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவைத்துப் பிறகு அகற்றுங்கள்.

பழைய_இரும்பு:
தகடுகளுக்கு வருவோம், உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. குழலையும் ரிசீவரையும் கட்டைக்குள் ஒரே நிலையில் உட்காரவைக்கப் படைப் பட்டறைகளில் போட்ட தகடுகள் அவை. தூக்கி எறிந்தாலோ இடம் மாற்றினாலோ குறி நகரும், மேகசின் ரிசீவரை அழுத்தும், தோட்டா ஏறுவது சிக்கும்.

ஒவ்வொன்றின் கனத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தகட்டில் பதிந்த அழுத்தக் கோடுகளையும், கட்டைக்குள் துரு அல்லது பித்தளைக் கறை படிந்த இடத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். பெரும்பாலும் இடம் தானாகத் தெரியும். முன் திருகாணி பக்கமும் வால் பக்கமும்தான் வழக்கமான இடங்கள். முன் திருகாணி கீழிருந்து மேலே போகும், பின்னது வாலின் மேலிருந்து கீழே. இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறுக்குவதற்கு முன்னும் பின்னும் போல்டை இழுத்துப் பார்க்கவும்: தளர்வாக இருக்கும்போது வழுக்கி, இறுக்கியதும் கனத்தால், தகடு தவறான இடத்தில் இருக்கிறது. மேகசின் பெட்டிக்கும் ரிசீவருக்கும் நடுவே ஒரு தாள் தடையின்றி நுழைய வேண்டும். திருகாணி வெட்டின் முழு அகலமும் நிறைகிற திருப்புளி மட்டும் பயன்படுத்துங்கள். முனை கூம்பியது வெட்டைச் சிதைக்கும்.

போல்ட் எண் சேராததால் ஃபயரிங் பின் (தோட்டாவைத் தட்டும் ஊசி) நீட்சியைப் பார்க்க வேண்டும். மோசின் கருவித் திருப்புளியில் 75, 95 என்று இரண்டு வெட்டுகள் உண்டு. அவை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு, அதாவது 1.9 மற்றும் 2.4 மில்லிமீட்டர். முனை 75 வெட்டில் தட்ட வேண்டும், 95 வெட்டில் தட்டாமல் கடக்க வேண்டும். இது சரியானாலும் சுடுவதற்கு முன் ஹெட்ஸ்பேசை (பூட்டிய போல்டுக்குமுன் தோட்டா உட்காரும் இடத்தின் அளவை) கேஜ் வைத்துத் தகுதியுள்ள துப்பாக்கித் தொழிலாளிதான் பார்க்க வேண்டும்.

வடகாற்று:
கறையை வைத்து இரண்டு தகடுகளுக்கு இடம் தெரிந்துவிட்டது. மூன்றாவது மிகச் சிறியது, எங்கும் பொருந்தவில்லை. குழல் விஷயம்?

பழைய_இரும்பு:
அந்தச் சிறியதை முதலில் சேர்க்காமல் இறுக்கிப் பாருங்கள். போல்டும் தாள் சோதனையும் சரியென்றால் உறையில் போட்டுப் பெயரெழுதி வையுங்கள், எறிய வேண்டாம்.

கரிமருந்து:
வாய்ப்பக்கம் காடி இல்லாததைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தேய்ந்த வாயை உட்புறம் சற்றே அகலமாகத் துளைத்து, நல்ல காடி தொடங்கும் இடத்துக்குக் கொண்டுபோயிருப்பார்கள். பட்டறைச் சீரமைப்பு அது. அகன்ற பகுதியில் கரி தேங்கும், தனியே சுத்தம் செய்ய வேண்டும்.

போல்டைக் கழற்றி, பின்பக்கமிருந்து மட்டும் ராடு விடுங்கள். முதலில் வெந்நீர். பழைய தோட்டாக்களின் பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில்) பொட்டாசியம் குளோரேட் இருந்தால் மிஞ்சுவது உப்பு. அது நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெய் போட்டு மூடினால் அடியில் துரு தொடர்ந்து வளரும். நன்றாக உலர்த்தி, பிறகு அம்மோனியா கலந்த செப்பு நீக்கி, துணி நீலமாக வருவது நிற்கும்வரை. 15 நிமிடத்துக்கு மேல் உள்ளே விடாதீர்கள். நீலம் நின்றபின்னும் இருட்டு மிச்சமிருந்தால் அது பள்ளம் விழுந்த இரும்பு, தேய்த்துப் போகாது.

வாரும்_உறையும்:
தோலுக்கு எண்ணெய் ஊற்றிவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். கொழுப்பு பித்தளையோடு வினைபுரிந்துதான் அந்தப் பச்சை வந்தது. இன்னும் எண்ணெய் ஊற்றினால் இன்னும் பச்சை. மரக்குச்சியால் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். தோல் செம்பொடியாக உதிர்ந்தால் க்ளூசெல் ஜி என்ற தோல் உறுதியாக்கும் பொடியை ஆல்கஹாலில் மெல்லியதாகக் கரைத்து ஒரு பூச்சு, உதிர்வது நிற்கும். வாரைத் துப்பாக்கியில் மாட்டியபடி வைக்காமல், ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்தில், தட்டையாகத் தனியே வையுங்கள். பயனெட்டையும் (துப்பாக்கி முனைக் கத்தி) தோல் உறைக்குள் விட்டுவைக்காதீர்கள். பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்து, வெளியே தெரியாத இடத்தில் துருப்பிடிக்க வைக்கும்.