நுளம்பு வலையா, பீலித் தண்ணியா? தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்கு எது முதலில்?

மஸ்கெலியாத் தம்பி (காலை 6.50)
எங்கள் தோட்டத்து இளைஞர் மன்றத்தில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. கொழும்பில் கடைகளில் நிற்கிற பையன்களும் குவைத்தில் வீட்டு வேலை செய்கிற அக்காமாரும் மாதாமாதம் அனுப்பியது. பிள்ளைகளின் சுகத்துக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருக்கிற 62 வீடுகளுக்கும் மருந்து தோய்த்த நுளம்பு வலை வாங்கிக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. மலேரியாவால் உலகத்தில் ஆண்டுக்கு ஆறு லட்சம் பேர் அளவில் சாகிறார்கள். பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் ஐந்து வயதைத் தாண்டாத பிள்ளைகள். அங்கே பல உயிர்களைக் காப்பாற்றியது இந்த வலைதான். நம்ம பிள்ளைகளும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தானே. ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்திருக்கிறோம். அதற்கு முன் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பீலிக்கரை (காலை 7.35)
தம்பி, உங்கள் மனசு நல்லது. ஆனால் நம்ம மலையில் பிள்ளைகளைப் படுக்கப் போடுவது அந்த நோய் இல்லை. இலங்கையில் உள்ளூரிலேயே தொற்றிய மலேரியா கடைசியாகப் பதிவானது 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது. அது இருந்த காலத்திலும் மஸ்கெலியா, நுவரெலியா உயரங்களில் பெரிதாகப் பரவியதில்லை. மலேரியாக் கிருமி நுளம்பின் உடம்புக்குள் வளர்ந்து முற்றுவதற்குச் சூடு வேண்டும். 16 பாகைக்குக் கீழே அந்த வளர்ச்சி நின்றுவிடும்.

இங்கே இருப்பது வயிற்றோட்டம், புழு, விடாத சளி, இரத்தச்சோகை. 2016இல் நாடு முழுவதும் எடுத்த குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இலங்கை முழுக்க நூற்றுக்கு 17. தோட்டங்களில் 32. மூன்று பிள்ளைக்கு ஒன்று! சோறு போதாதது மட்டும் காரணம் இல்லை. மாதம் ஒருமுறை வயிற்றால் போகிற பிள்ளைக்கு எவ்வளவு ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாது.

லயத்துச் சனம் தண்ணீர் பிடிக்கிற எங்கள் பீலிக்குத் தண்ணீர் வருகிற வழியை ஒருநாள் நடந்து பார்த்தேன். மேல் மலையில் ஊற்று. அதைச் சுற்றி வேலி இல்லை, மாடு இறங்கிக் குடிக்கிறது. மூடியில்லாத சிமெந்துத் தொட்டி. அங்கிருந்து கறுப்புக் குழாய் தேயிலைக்குள்ளே வருகிறது, பல இடத்தில் வெடிப்பு, சைக்கிள் டியூப்பால் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். மழை பெய்தால் தண்ணீர் சிவப்பாகத்தான் விழும். அந்த ஊற்றைக் கட்டிக் கொடுங்கள்.

பிபிலைக்காரன் (காலை 9.10)
பீலிக்கரை அண்ணே, "அந்த நோய் இல்லை" என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்வது எனக்குப் பயமாக இருக்கிறது. நான் ஊவா அடிவாரத்தில் பிறந்தவன். தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகளும் ஒரே மாதத்தில் மலேரியாவில் கிடந்தோம். மூன்று போர்வை போட்டும் பல்லு கிட்டுகிற நடுக்கம், அப்புறம் கொதிக்கிற காய்ச்சல், அப்புறம் வேர்வை. குளோரோகுயின் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. என் தம்பி அதற்குப் பிறகு இரண்டு வருடம் வெளிறித்தான் இருந்தான்.

இந்த நாடு ஒருமுறை இப்படித்தான் ஏமாந்தது. 1934-35இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கியபோது மலேரியா வந்து ஏறக்குறைய 80,000 பேரைக் கொண்டுபோனது, கேகாலைப் பக்கம்தான் மிக மோசம். டி.டி.டி. என்ற நுளம்பு மருந்தை அடித்து அடித்து 1963இல் வெறும் 17 நோயாளி என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். நோய் போய்விட்டது என்று மருந்தடிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இல் ஐந்து லட்சத்துக்கு மேல்!

இப்போதும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் உடம்பில் கிருமி வந்துகொண்டுதான் இருக்கிறது. 2018 கடைசியில் எங்கள் மொனராகலை மாவட்டத்தில், இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரிடமிருந்து உள்ளூர் ஆளுக்குத் தொற்றியது. மன்னாரில் கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் வளர்கிற புது வகை மலேரியா நுளம்பைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம்ம சனத்துக்குத் தமிழ்நாட்டில் சொந்தம் இல்லாத வீடு உண்டா? சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட பெரியப்பாவைப் பார்க்கப் போகிறோம், கோயில்களுக்குப் போகிறோம். வலையைக் கேலியாக நினைக்காதீர்கள்.

பீலிக்கரை (காலை 9.40)
கேலி செய்யவில்லை தம்பி. நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஆனால் அதெல்லாம் இரத்தம் பார்க்கச் சொல்கிற காரணங்கள், மஸ்கெலியாவில் 62 வலை வாங்கச் சொல்கிற காரணங்கள் இல்லை. இந்தியாவோ ஆப்பிரிக்காவோ போய் வந்தவருக்குக் காய்ச்சல் வந்தால், போன நாடு எது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும், அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக இரத்தம் பார்க்கலாம். அந்தச் செய்தியைத் தோட்டம் முழுக்கச் சொல்லக் காசே வேண்டாம்.

மஸ்கெலியாத் தம்பி (காலை 10.05)
அப்படியானால் மலேரியாவுக்குப் பிள்ளைகளுக்கான தடுப்பூசி வந்திருக்கிறது என்கிறார்களே, அதையாவது கேட்கலாமா?

பீலிக்கரை (காலை 10.20)
வந்திருக்கிறது. 2021இல் ஒன்றுக்கும் 2023இல் இன்னொன்றுக்கும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை கொடுத்தது. மலேரியா இன்னும் பரவுகிற நாடுகளின் பிள்ளைகளுக்கானது அது. நமக்குத் தேவையான ஊசிகள் கிளினிக்கில் போடுகிறார்கள், நம்ம தாய்மார் அதைத் தவற விடுவதும் குறைவு.

காம்பரா டீச்சர் (பகல் 1.30)
பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில்தான் எழுத முடிகிறது. தாய்மார் மலைக்கு வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் நான் பதினாறு வருடம் வேலை. இரண்டு பேருக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

தம்பி, டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். இரவில் லயத்தில் கட்டுகிற வலை அதற்கு அவ்வளவாக உதவாது. ஆனால் இப்போது என் எதிரே பத்தொன்பது பிள்ளைகள் பட்டப்பகலில் தூங்குகிறார்கள், ஜன்னல் திறந்திருக்கிறது. 2017இல் இந்த நாட்டில் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் பேருக்கு டெங்கு வந்ததே, கண்டிப் பக்கத்தில் எத்தனை வீட்டில் பிள்ளைகள் கிடந்தார்கள். எனவே வலை வாங்குவதானால் 62 வேண்டாம், காம்பராவுக்கு 20 போதும்.

பீலிக்கரை அண்ணே, தண்ணீர்தான் பெரிய பிரச்சினை என்பதை நான் கண்ணால் பார்த்தவள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஐப்பசி மழையில் ஒரே கிழமைக்குள் பதினொரு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். ஒரு தாய் காலையில் வேலைக்குப் பேர் போடுகிற பிரட்டுக்குப் போவதா, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா என்று வாசலில் நின்று அழுதாள். போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை, சம்பளமும் இல்லை. பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு மலைக்குப் போனாள். பின்னேரம் வந்தபோது பிள்ளைக்குக் கண் குழி விழுந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றித்தான் தப்பியது. அன்று காலையிலேயே அவளை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரைக்கும் நினைக்கிறேன்.

ஆனால் ஊற்றைக் கட்டினால் எல்லாம் சரியாகிவிடாது. கொதித்தாறிய தண்ணீர் கொடுங்கள் என்று நோட்டீஸ் ஒட்டுகிறோம். விறகு எங்கே? பின்னேரம் ஐந்து மணிக்கு மலையிலிருந்து இறங்கி வருகிற பெண் சோற்றுக்கு விறகு தேடுவாளா, தண்ணீருக்குத் தேடுவாளா? வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற உப்புச் சீனித் தூளான ஜீவனிப் பைக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதியைக் கப்பில் கரைத்துக் கொடுக்கிற வீடுகள் உண்டு, உப்புக் கூடிப்போய் அதுவே ஆபத்து. சோப்பு வாளிக்குப் பக்கத்தில் இருந்தால் பிள்ளை கை கழுவும், பெட்டிக்குள் இருந்தால் கழுவாது. இன்னொன்று, நாம் தேயிலையிலேயே வாழ்கிற சனம் என்பதால் சொல்கிறேன்: இரண்டு வயதுப் பிள்ளைக்கு ரொட்டியோடு சாயத்தண்ணி கொடுக்காதீர்கள். சாப்பாட்டில் இருக்கிற கொஞ்ச இரும்புச்சத்தையும் சாயம் உடம்பில் சேரவிடாது.

பழைய சங்கத்துக்காரன் (பின்னேரம் 4.15)
எல்லோரும் பேசிவிட்டீர்கள். நான் முப்பது வருடம் தொழிற்சங்க வேலை செய்தவன், கேளுங்கள். ஊற்று யாருடைய நிலத்தில் இருக்கிறது? தோட்ட நிலத்தில். லயம் யாருடையது? நம்ம வேர்வையில் எடுத்த கொழுந்தை விற்றுத்தான் எல்லாம் நடக்கிறது. தண்ணீரும் கக்கூசும் கொடுக்க வேண்டியவர்கள் தோட்ட நிர்வாகமும் அரசாங்கமும். குவைத்தில் அடுப்படியில் நிற்கிற பிள்ளையின் சம்பளத்தில் துரையின் ஊற்றுக்குச் சிமெந்து பூசினால், நாளைக்கு "நீங்களே செய்துகொள்கிறீர்களே" என்பார்கள். ஒரு சதமும் அதற்குக் கொடுக்காதீர்கள். மனு எழுதுங்கள், போராடுங்கள்.

காம்பரா டீச்சர் (பின்னேரம் 5.50)
ஐயா, நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் அந்தப் பிள்ளையின் கண் குழி விழுவதற்குக் காலையிலிருந்து பின்னேரம் வரைதான் எடுத்தது. மனுவுக்குப் பதில் வர எத்தனை மாதம்?

பீலிக்கரை (இரவு 7.20)
இரண்டையும் சேர்த்தே செய்யலாம் ஐயா. முன்பெல்லாம் தோட்டத்துக்குள் பிரதேச சபை வேலை செய்யச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று கைவிரிப்பார்கள். 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இப்போது சபையிடம் உரிமையோடு கேட்கலாம். குழாயும் தொட்டியும் நிர்வாகமும் சபையும் செய்யட்டும். மன்றத்துக் காசில் ஊற்றைச் சுற்றி வேலி, தொட்டிக்கு மூடி, இவ்வளவு மட்டும். சிரமதானமாகச் செய்தால் கூலி இல்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொன்னால் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுப்பார். அவர் காட்டுகிற அளவில் குளோரின் போட இரண்டு பையன்கள் பழகிக்கொள்ளட்டும். தண்ணீர் கலங்கியிருக்கும்போது குளோரின் சரியாக வேலை செய்யாது, அதனால்தான் வேலியும் மூடியும் முதலில் என்கிறேன்.

மஸ்கெலியாத் தம்பி (இரவு 8.40)
62 வலை யோசனையை விட்டுவிடுகிறேன். காம்பராவுக்கு 20 வலை, ஊற்றுக்கு வேலியும் மூடியும், மிச்சத்தில் சோப்பும் ஜீவனியும். ஞாயிற்றுக்கிழமை இதைத்தான் வைக்கப் போகிறேன். காசு அனுப்பிய அக்காமாரிடமும் இன்றிரவே பேசி ஒப்புதல் வாங்குகிறேன்.

பிபிலைக்காரன் (இரவு 9.05)
இந்தியா போய் வந்து காய்ச்சல் வந்தால் இரத்தம் பார்க்க வேண்டும் என்று கோயில் மணிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள் தம்பி. எழுதி அனுப்புவது என் பொறுப்பு.

பழைய சங்கத்துக்காரன் (இரவு 9.30)
வேலிக்குக் காசு கொடுப்பதற்கு நான் இன்னும் எதிர்ப்புத்தான், கூட்டத்திலும் அதைச் சொல்வேன். சபைக்கும் நிர்வாகத்துக்கும் போகிற கடிதத்தை நான் எழுதுகிறேன். ஊற்றின் போட்டோவும், அந்தக் கிழமை வயிற்றோட்டம் வந்த பதினொரு பிள்ளைகளின் கிளினிக் கொப்பிப் பிரதியும் தாய்மாரிடம் கேட்டு வாங்கி வையுங்கள் டீச்சர்.