'இன்க்ளூசிவ் ஆக்சஸ்': தமிழில் என்ன சொல்லலாம்?

> 'உள்ளடக்கிய அணுகல்' என்றே வைக்கலாமே. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

ஐயா, வணக்கம்.

பொருந்துவதுதான் எனக்குச் சிக்கலாகப் படுகிறது. 'உள்ளடக்கிய' என்றதும் மாற்றுத்திறனாளி மாணவர்களும் எல்லாரோடும் சேர்ந்து படிக்கும் கல்விதான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது வேறு. அமெரிக்கக் கல்லூரிகளில் மின்பாடநூலின் விலையைப் படிப்புக் கட்டணத்தோடு சேர்த்தே வாங்கிவிடுகிறார்கள். வேண்டாம் என்பவர் கெடுவுக்குள் சொல்லி விலக வேண்டும்; சும்மா இருந்தால் பணம் போய்விடும். 2016இல் நடைமுறைக்கு வந்த கூட்டரசுக் கல்வித்துறை விதி இதற்கு இடம் கொடுத்தது.

பதிப்பகங்களுக்கு இதில் ஏன் இவ்வளவு ஆர்வம்? பழைய புத்தகச் சந்தைதான் காரணம். அச்சுநூலைப் படித்து முடித்தவர் ஜூனியருக்கு விற்பார். பதிப்பகத்துக்கு அதில் ஒரு காசு வராது. தாய்லாந்திலிருந்து படிக்க வந்த கிர்ட்சாங், ஆசியாவில் மலிவாகக் கிடைத்த வைலி பதிப்பகத்தின் பாடநூல்களைத் தருவித்து அமெரிக்காவில் விற்றார். வைலி தொடுத்த பதிப்புரிமை வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2013இல் வைலி தோற்றது. மின்நூலில் இந்த வம்பே கிடையாது. மாணவர் வாங்குவது நூலை அல்ல, பெரும்பாலும் பருவம் முடியும் வரை படிக்கும் உரிமத்தை. அதை யாருக்கு விற்பது? பியர்சன் பதிப்பகம் 2019இல் தன் அமெரிக்கப் பாடநூல்களை இனி முதலில் மின்வடிவில் புதுப்பிப்பதாக அறிவித்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

முதல் நாளே எல்லார் கையிலும் புத்தகம் இருப்பது நல்லதுதான். புது அச்சுநூலை விட விலையும் பொதுவாகக் குறைவு. அதற்காகப் பதிப்பகத்தின் விளம்பரச் சொல்லை நாமும் சுமக்க வேண்டுமா?

என் பரிந்துரை: 'கட்டணஞ்சேர் மின்பாடநூல்'. 'அணிசேரா நாடுகள்' போல வாயில் நிற்கும். விலகுவதற்கு 'விலகுரிமை'.

> 'கட்டணஞ்சேர்' பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் புரியுமா? தவிர, நூல் பருவத்தோடு போய்விடும் என்பது இதில் வரவில்லையே.

வராதுதான். ஒரே சொல்லில் எல்லாவற்றையும் திணித்தால் அது வரையறை ஆகிவிடும், பெயராக இருக்காது. பருவத்தோடு முடியும் பகுதிக்கு 'பருவ உரிமம்' என்று தனிச்சொல் வைப்போம். தனித்து வாங்கும் மின்நூல்களிலும் அது உண்டு. 'கட்டணஞ்சேர்' கடினமென்றால் பேச்சுவழக்கில் 'ஃபீஸோடு வரும் புத்தகம்' என்று சொல்லட்டும், குறையில்லை. 'உள்ளடக்கிய அணுகல்' மட்டும் வேண்டாம்.