புதுப்பிப்பு: ஈறில் இரத்தக் கசிவும் பல் துலக்கும் முறையும்

காலையும் இரவும் தவறாமல் பல் துலக்கியும் ஈறில் இரத்தம் கசிவது ஏன் என்றும், கடினமான பிரஷுக்கு மாறலாமா என்றும் முன்பு கேட்டிருந்தேன். பல் மருத்துவரைப் பார்த்த பின் தெரிந்தவற்றை எழுதுகிறேன்.

பற்களில் படியும் பாக்டீரியாப் படலத்தைச் சாயமேற்றிக் காட்டும் மாத்திரை ஒன்றை மெல்லச் சொன்னார். கண்ணாடியில் பார்த்தபோது பற்களின் வெளிப்பரப்பு ஏறக்குறைய வெண்மையாகவே இருக்க, ஈறின் ஓரத்திலும் கீழ் முன்பற்களின் உட்புறத்திலும் சிவப்புக் கோடு அழுத்தமாகத் தெரிந்தது. பிரஷைப் படுக்கைவாட்டில் இழுக்கும்போது பல்லின் புடைத்த பகுதியே பெரும்பாலும் தேய்கிறது. ஈறும் பல்லும் சேரும் குறுகிய பள்ளத்தில் தங்கிவிடும் பாக்டீரியாப் படலம் ஈறை வீங்கச் செய்கிறது, என் கசிவுக்கும் அதுவே காரணம்.

அவர் கற்றுத் தந்தது, அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பாஸின் பெயரால் அறியப்படும் முறையின் திருத்திய வடிவம். மென்மையான இழைகளை ஈறை நோக்கி 45 பாகை சாய்த்து வைத்து, அழுத்தாமல் அதே இடத்தில் சிறிது சிறிதாக அசைத்து, பின்பு பல்லின் கடிக்கும் விளிம்பை நோக்கி வழித்துவிட வேண்டும். முன்பற்களின் உட்புறத்துக்கு மட்டும் பிரஷைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும் (கைக்குப் பழகச் சற்று நாளாகும்). மொத்தம் 2 நிமிடம். கடினமான பிரஷ் வேண்டவே வேண்டாம் என்றார். அழுத்தித் தேய்த்தால் ஈறு பின்வாங்கி, வேர்ப்பகுதி வெளிப்பட்டுக் கூச்சம் வரும்.

அந்தப் படலம் இறுகிக் கல்போல் ஆகிவிட்ட காறை எந்தப் பிரஷுக்கும் அசையாது என்பதால் அதை அவரே கருவியால் அகற்றினார். இப்போது கசிவு பெரும்பாலும் நின்றுவிட்டது. கடைவாய்ப் பற்களின் இடுக்கில் மட்டும் எப்போதாவது வருகிறது, அங்கே பிரஷின் இழை நுழையாததால் இரவில் பல்லிடுக்கு நூலையும் பயன்படுத்துகிறேன்.