புதுப்பிப்பு: வேலையோடு வலி மருத்துவ மேற்படிப்பு, சேர்ந்துவிட்டேன்

கடலூரில் மயக்க மருந்து மருத்துவராக வேலை பார்த்துக்கொண்டே, நரம்புத் தூண்டலும் (மின்சாரத்தால் நரம்பைத் தூண்டி வலியைக் குறைக்கும் முறை) வலி மருத்துவமும் சேர்ந்த, பிரிட்டனிலிருந்து நடக்கும் பகுதிநேர ஆன்லைன் மேற்படிப்பில் சேரலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பலரும் சேரச் சொன்னீர்கள். செப்டம்பரில் சேர்ந்துவிட்டேன்.

நேரம்தான் சிரமம். பிரிட்டனில் மாலை 6 மணி வகுப்பு என்றால் இங்கே இரவு 10.30. அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் 11.30 ஆகிவிட்டது. ஆபரேஷன் தியேட்டர் நாள்களில் வகுப்பின் பதிவைத்தான் பார்க்கிறேன்.

ஆனால் பாடம் அவ்வளவு பிடித்திருக்கிறது. 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள் வலியைப் பற்றிச் சொன்ன 'வாயில் கோட்பாட்டை' (gate control theory) எம்.பி.பி.எஸ்ஸில் ஒரு பத்தியாகத் தாண்டிப் போயிருந்தேன். அதன்படி, தொடு உணர்வைக் கொண்டுவரும் தடித்த நரம்பிழைகள், வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்துகின்றன. இடித்துக்கொண்ட முழங்காலை அம்மா தேய்த்துவிட்டால் இதமாக இருக்குமே, அதே சங்கதிதான். இந்த எண்ணத்தின் தொடர்ச்சியாகவே 1967-இல் தண்டுவட மின்தூண்டி (தண்டுவடத்துக்கு மெல்லிய மின்துடிப்பு கொடுத்து வலியைக் குறைக்கும் கருவி) முதன்முதலாகப் பொருத்தப்பட்டது.

கடலூர் முதுநகரிலிருந்து வரும் மீனவ அண்ணன் ஒருவருக்கு முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் கால் எரிச்சல். "ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு அனுப்பிடறாங்க டாக்டர்" என்றார். முன்பென்றால் நானும் மாத்திரை எழுதி அனுப்பியிருப்பேன். இப்போது எரிச்சலா, குத்தலா, தூக்கம் வருகிறதா என்று உட்கார்ந்து கேட்கிறேன்.

செய்முறை உண்டா என்று கேட்டவர்களுக்கு: இதில் இல்லை. தூண்டியின் எலக்ட்ரோடை (மின்முனையை) வைக்கக் கை பழக, தனியாக ஃபெல்லோஷிப் பயிற்சிக்குப் போகத்தான் வேண்டும். அடுத்த பருவத்தில், இந்தக் கருவி யாருக்குப் பொருந்தும் என்று நோயாளிகளைத் தேர்ந்தெடுப்பது பற்றிய பாடம். சில நாள் தற்காலிகமாகத் தூண்டிப் பார்த்து, வலி பாதியாவது குறைந்தால்தான் பொதுவாக நிரந்தரக் கருவி வைப்பார்கள். அதை முடித்துவிட்டு எழுதுகிறேன்.